பின்மண்டையில் இருக்கும் பிள்ளை

ஒரு வருஷத்துக்கு மேலாக என் புருஷன் என் முகத்தைத் தொடவில்லை. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியவள் இதற்கா மூக்கைச் சிந்துகிறாள் என்பார்கள். கண் உள்ள மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் தெருவுக்கே தெரியும். கண் இல்லாத மனிதர் கையை மடக்கிக்கொண்டால் பெண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் பெயர் காசிராஜன். இரண்டு வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போயிற்று. வெளிச்சம்கூடத் தெரியாது. போடியில் ஒரு ஏலக்காய்க் குடோனில் வேலை. மலையிலிருந்து வந்து இறங்கும் மூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார், காதோரம் வைத்துக் குலுக்குவார். உள்ளே விதை சலசலத்தால் நன்றாகக் காய்ந்த காய். சத்தம் மந்தமாக வந்தால் ஈரம். போன வருஷத்துக் காயைப் புதுக் காயோடு கலந்து கொண்டுவந்திருந்தால் விரலாலேயே கண்டுபிடித்துவிடுவார். ஈரம் பார்க்க மெஷின் வந்த பிறகும் முதலாளி இவரை ஒரு வார்த்தை கேட்காமல் மூடையை இறக்க மாட்டார். அதில் அவருக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு. எனக்கு அவரைவிடக் கூடுதலாகவே உண்டு.

நான் மாயக்காள். காலையில் ஆறு மணிக்கு ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிறவள். ஜீப்பில் பதினெட்டுப் பேரை அடைத்து ஏற்றுவார்கள். ஒரு நாள் போகவில்லை என்றால் மறுநாள் நம் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அதனால் எங்கள் மகள் முத்துப்பிரியாவைக் காலையில் எழுப்பியது, குளிக்க வைத்தது, தலை சீவியது எல்லாம் அவர்தான். இரட்டைச் சடை பின்னுவார். வகிடு கோடு போட்ட மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்து டீச்சர்கூட, "யாரு பின்னிவிட்டா?" என்று கேட்டிருக்கிறார். பின்னுவதற்கு முன்னால் தினமும் அவள் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் இரண்டு கையாலும் ஒரு தடவை தடவுவார். "வளந்துட்டாளான்னு பாக்குறேன்" என்பார். "நேத்துதானப்பா பாத்த?" என்று அவள் நெளிவாள்.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் நான் தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டிருந்தபோது அவர் அவள் நெற்றியில் கை வைத்துவிட்டுச் சொன்னார்.

"மாயி, இது சாதாக் காய்ச்சல் இல்ல. சூடு வேற மாதிரி இருக்கு. இன்னைக்கு மேல போகாத. வெரசா ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

எனக்கு அந்த வாரம் ஏற்கெனவே ஒரு நாள் வேலை போயிருந்தது. "உங்க கைக்கு எல்லாமே கூடத்தான் தெரியும். மாத்திரை குடுத்திருக்கேன், தூங்கட்டும். சாயங்காலம் வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்புக்கு ஓடினேன்.

சாயங்காலம் வந்து பார்த்தபோது அவள் என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டாள். மூன்றாம் நாள் தேனி ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். ஏழு வயது. முதல் நாளே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாதும்மா என்றார். முடியாது என்று அவர் சொன்னது எனக்குக் காப்பாற்ற முடிந்திருக்கும் என்றுதான் கேட்டது, இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறது.

எங்கள் வீட்டு வழக்கத்தில் போன பிள்ளையின் சாமான் எதையும் வீட்டில் வைக்கக் கூடாது. வைத்தால் அது போக மனசில்லாமல் வாசலைச் சுற்றும் என்பார்கள். காரியத்தன்று நானே எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டினேன். கவுன், பள்ளிக்கூடச் சட்டை, ரிப்பன், சீப்பு, கொலுசு, தலையணை, அவள் இழுத்துக்கொண்டு திரிந்த துணிப் பொம்மை. கண்ணில் பட்டால் என்னால் மூச்சு விட முடியவில்லை. சீக்கிரம் ஒழிந்தால் போதும் என்றிருந்தது.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், "எல்லாத்தையுமா?" என்று கேட்டார்.

"எல்லாத்தையுந்தான். வீட்டுல வச்சா ஆகாது."

"பொம்மையையும்?"

"ஆமாங்கிறேன்ல."

மூட்டையைக் கொட்டகுடி ஆற்றில் விட்டுவிட்டு வந்தோம். மறுவாரம் ஸ்டுடியோவில் அவள் பள்ளிக்கூடப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு மாட்டினேன். படத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தடை இல்லை. சின்ன பல்பு ஒன்றும் போட்டேன். தினமும் ஜீப்புக்குப் போகும் முன் அதற்கு ஒரு முழம் பூ வைப்பேன். அவள் சிரிப்பைப் பார்த்து ஒரு பாட்டம் அழுதுவிட்டுக் கிளம்பினால்தான் அன்றைய பொழுது ஓடும்.

அவர் அந்தச் சுவர்ப் பக்கமே வர மாட்டார். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "பெத்த பிள்ள படத்துக்கு ஒரு பூ எடுத்து வைக்கக் கை வரல உங்களுக்கு. அழக்கூட இல்ல. கல்லு" என்று கத்தினேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அன்றைக்கு நான் கத்தியது வேறொன்றுக்காக. அவள் போன நாளிலிருந்து அவர் கை என் முகத்துக்கு வரவில்லை. முன்பெல்லாம் நான் மலையிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தால் முதலில் என் முகத்தைத்தான் தடவுவார். "இன்னைக்கு வெயிலு கூடப்போல" என்பார், "யாரு கூடயோ சண்ட போட்டுருக்க" என்பார். சரியாக இருக்கும். இப்போது டம்ளரை வாங்கும்போது விரல் பட்டால்கூட இழுத்துக்கொள்ள மாட்டார். முகம் மட்டும் கிடையாது. அவர் சொன்ன சொல்லைத் தட்டிவிட்டு ஓடிப் பிள்ளையைப் பறிகொடுத்தவள் முகம் ஆயிற்றே, எதற்குத் தொட வேண்டும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வாய் விட்டுக் கேட்கத் தைரியம் இல்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவது?

இப்படி இருக்கும்போதுதான் அருள்மொழி வந்தாள். மதுரையில் மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். சின்ன வயதிலேயே பார்வை போய், கைத்தொழிலில் தேறியவர்களைத் தேடிக்கொண்டிருந்தாளாம். யாரோ இவரைச் சொல்லியிருக்கிறார்கள். தலையை மெஷினுக்குள் வைத்துப் படம் எடுப்போம், ஊசி இல்லை, மருந்து இல்லை, வலிக்காது என்றாள். இதனால் பார்வை வராது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டாள். அது எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் என்ன தோன்றியதோ, சரி என்றார்.

மாசியில் ஒரு நாள் பஸ் பிடித்து மதுரைக்குப் போனோம். இரும்பு, வெள்ளி எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்றார்கள். அரைஞாண்கொடியைக் கழற்ற மாட்டேன் என்று இவர் ஒரு சண்டை போட்டார். நான் அதட்டிக் கழற்ற வைத்தேன். படுக்க வைத்துத் தலையை உள்ளே தள்ளினார்கள். மெஷின் கல் உடைக்கிற சத்தம் போட்டது. பக்கத்தில் ஒருவர் நின்று அவர் கையில் இரண்டிரண்டு ஏலக்காயாக வைத்தார். எது பெரிது, எது காய்ந்தது என்று பொத்தானை அமுக்கிச் சொல்ல வேண்டும். அப்புறம் சத்தங்கள் போட்டுக் காட்டினார்கள். கடைசியாக, கையில் ஒன்றும் வைக்காமல், நன்றாகப் பழகின ஒன்றை மனசுக்குள்ளேயே தடவிப் பார்க்கச் சொன்னார்கள். மூன்று தடவை.

முடிந்ததும் அருள்மொழி எங்களை உட்கார வைத்துக் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினாள். அவருக்கு வாயால் சொன்னாள், எனக்கு விரலால் தொட்டுக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு மண்டை. பின்பக்கம் மட்டும் சிவப்பும் மஞ்சளுமாகக் கிடந்தது.

"அக்கா, நம்ம கண்ணால பாக்குறது எல்லாம் கடைசியா இந்தப் பின்மண்டைக்குத்தான் போய்ச் சேருது. முகமா, மரமா, பெருசா, சிறுசான்னு பிரிச்சுப் பாக்குற இடம். அண்ணனுக்குக் கண்ணுலேர்ந்து அங்க எதுவும் வரல. ஆனா இடம் சும்மா கிடக்கல. விரலும் காதும் அங்க குடி வந்துருச்சு."

"அப்ப அவரு கையாலயே பாக்குறாரா?"

"நாம பாக்குற மாதிரிதான்னு சொல்ல மாட்டேன். அது எப்படி இருக்கும்னு அவருக்குத்தான் தெரியும். ஆனா நாம பாக்குறதுக்கு வச்சிருக்கிற இடத்துலதான் அவரு தடவுறத வச்சிருக்காரு. காயச் சும்மா கையில குடுத்தப்ப இந்த இடம் அவ்வளவா வேல செய்யல. எது பெருசுன்னு கேள்வி கேட்டதும் முழிச்சுக்கிருச்சு."

அப்புறம் அவள் தயங்கி அவரிடம் கேட்டாள். "அண்ணே, கடைசில மனசுக்குள்ள தடவிப் பாருங்கன்னு சொன்னோமே, கையில எதுவுமே இல்லாம இந்த இடம் அவ்வளவு வேல செஞ்சிருக்கு. என்னத்த நெனச்சீங்க? ஏலக்காயா?"



"என் மக தலைய நெனச்சேன் தாயி. சட பின்னுற மாதிரி" என்றார். "மொத தடவ நல்லா வந்தா. வகிடு, அதுல ஒரு சுழி, நெத்தி, புருவம் எல்லாம் வந்துச்சு. ரெண்டாவது தடவ மூக்கு வரைக்கும் வந்துச்சு. மூணாவது தடவ சரியா வரல. இப்பல்லாம் அப்படித்தான். தாட வர மாட்டேங்குது."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "தாயி, ஒண்ணு கேக்கட்டா? நான் நெனச்சப்ப நீங்க படம் எடுத்தீங்கல்ல. அப்ப அந்தப் படத்துக்குள்ள அவ இருப்பாளா? மொத தடவ எடுத்தது போதும். அத எடுத்து எதுலயாச்சும் போட்டுக் குடுக்க முடியுமா? மரத்துலயோ மெழுகுலயோ, கைக்குத் தெரியிற மாதிரி. மத்ததெல்லாம் ஆத்துல போயிருச்சு."

அருள்மொழி படித்த பெண். எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லியிருப்பாள். அன்றைக்கு அவளுக்கு இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. "இல்லண்ணே. எந்த இடம் வேல செஞ்சுச்சுங்கிறது மட்டுந்தான் இதுல தெரியும். என்ன நெனச்சீங்கங்கிறது இதுல வராது" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று வெளியே போனாள்.

"சரி தாயி, சும்மாதான் கேட்டேன்" என்று அவர் அவளுடைய காலி நாற்காலிப் பக்கம் திரும்பிச் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்சில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்குப் படம் இருக்கிறது. கண்ணாடி போட்டு, பல்பு போட்டு, பூ வைத்து, ஒரு நாள் விடாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு அந்தக் கவுனும் ரிப்பனும் பொம்மையும்தான் படம். அந்தக் கொலுசுச் சத்தம்தான் படம். அவ்வளவையும் என் கையாலேயே மூட்டை கட்டி ஆற்றில் விட்டுவிட்டு, வெறும் கண்ணாடிக்கு முன்னால் நின்று அழச் சொல்லி அவரைத் திட்டியிருக்கிறேன். எல்லாத்தையுமா என்று அவர் கேட்டாரே, அப்போதாவது என் மண்டைக்கு எட்டியதா? பார்வை உள்ளவர்கள் போட்டு வைத்த வழக்கம் அது. படத்தை வைத்துக்கொள் என்று சொன்னவர்கள் யாரும் அவரை நினைக்கவே இல்லை. மற்றவர்களைச் சொல்வானேன், நானே நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டி, பரண், அடுப்படி மூலை எல்லாம் துழாவினேன். ஒரு ஊக்குகூட மிச்சமில்லை. அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்கிறேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூட்டை கட்டும்போது ஒரே ஒரு கவுனை மட்டும் ஆற்றில் விட மனசு வரவில்லை. அதற்கு முந்தின வருஷத் தீபாவளிக்கு எடுத்தது, நான்கைந்து தடவை போட்டிருப்பாள். யாருக்கும் தெரியாமல் என் தங்கை அன்னக்கொடியிடம், "உன் மகளுக்கு வச்சுக்கோ" என்று கொடுத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்சில் தேவாரம் ஊரில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். அன்னக்கொடி கொடியில் காய்ந்துகொண்டிருந்த கவுனை எடுத்துக் கொடுத்தாள். "என்னக்கா, குடுத்தத திருப்பிக் கேக்குற?" என்று முதலில் முகத்தைச் சுளித்தாள். விஷயத்தைச் சொன்னதும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்கு மத்தியானத்துக்குள் போடிக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற ஒரே வெறிதான்.

அவர் சாப்பிட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தார். கவுனை மடியில் வைத்தேன். "இந்தாங்க. பிரியா கவுனு. தீபாவளிக் கவுனு. ஒண்ணு மிச்சம் இருந்துச்சு."

அவர் கை அதன் மேல் வேகமாக ஓடியது. கழுத்துப் பட்டையைத் தடவியது, பொத்தானை எண்ணியது, கீழே இறங்கி ஓரத்தில் நின்றது. ஓரம் பிரித்து நீட்டித் தைத்திருந்தது. இரண்டு பொத்தான் மாற்றியிருந்தது. முகத்தோடு வைத்து ஒரு தடவை மோந்தார். அப்புறம் நன்றாக உதறி, நான்காக மடித்து என்னிடமே நீட்டினார்.

"இது அன்னக்கொடி மகளுக்கு ஆகிப்போச்சு மாயி. அவ ஒயரத்துக்கு இருக்கு. குடுத்துரு, போட்டுக்கட்டும்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எதிரில் போய் மண்டி போட்டு உட்கார்ந்து அவர் இரண்டு கையையும் பிடித்தேன்.

"ஏங்க, எல்லாரும் சொல்லுவாங்கள்ல, அவ என்னைய உரிச்சு வச்சிருக்கான்னு. அதே நெத்தி, அதே தாடன்னு. தாட வரலன்னு சொன்னீங்களே. இந்தா இருக்கு. தொட்டுப் பாருங்க. என் மேல கோவம் இருந்தா இருக்கட்டும். அவளுக்காகத் தொடுங்க."

கையை என் முகத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு விரற்கடை தூரத்தில் அவர் பலமாக இழுத்துக்கொண்டார்.

"கோவமா?" என்று கேட்டேன். ஒன்றரை வருஷமாகக் கேட்காததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன். "நான் அன்னைக்கு ஜீப்புக்குப் போனதுக்கா?"

"இருந்துச்சு" என்றார். "ஒரு மாசம், ரெண்டு மாசம் ரொம்ப இருந்துச்சு. பெறகு அது போயிருச்சு. உன்னத் தொடாததுக்கு அது காரணம் இல்ல."

"பெறகு என்னதான் காரணம்? சொல்லுங்க."

"நீயே சொல்லிட்டயே. அதே நெத்தி, அதே தாட." கையை மடியில் புதைத்துக்கொண்டார். "புதுக் காயோட பழைய காயக் கலந்துட்டா நான் தனியாப் பிரிச்சிருவேன். இத என்னால பிரிக்க முடியாது மாயி. அவ என்கிட்ட கொஞ்சந்தான் மிச்சம் இருக்கா. உன் முகத்தத் தொட்டா அந்த எடத்துல நீ வந்துருவ. பத்துத் தடவ தொட்டா அவ தாட உன் தாட ஆயிரும். பெறகு நான் அவளத் தேடுனா நீதான் வருவ. அதுக்குப் பயந்துதான் கைய வச்சுக்கிட்டு இருக்கேன். எனக்கு மட்டும் தொடணும்னு இருக்காதா?"

நான் பிடித்திருந்த கையை விட்டுவிட்டேன். வெறுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தவரைக்கும், என்றைக்காவது மன்னிப்பார், கை வரும் என்று ஒரு மூலையில் காத்துக்கொண்டிருந்தேன். இதில் மன்னிக்க ஒன்றுமில்லை. அவரிடம் நான் இருக்க வேண்டுமானால் அவள் போக வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை அவளை நான் போக்கியாயிற்று.

"அப்ப வேணாம்" என்றேன். "தொடாதீங்க. எப்பவுமே தொடாதீங்க. அவள வச்சுக்கோங்க."

அவர் அழுதார். அவள் போன பிறகு அவர் சத்தமாக அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "மாயி, அவளுக்குக் காதுக்குப் பின்னால ஒரு சின்ன மேடு இருந்துச்சுல்ல, அரிசி மாதிரி. அது வலது காதா, இடது காதா? நேத்துலேர்ந்து மாறி மாறி வருது. ரெண்டு பக்கமும் வருது."

நான் நினைத்து நினைத்துப் பார்த்தேன். பெற்றேன், பால் கொடுத்தேன், முதல் இரண்டு வருஷம் இடுப்பிலிருந்து இறக்கவில்லை. அப்புறம் விடிந்தால் ஜீப்பு. அப்படி ஒரு மேடு இருந்ததே எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் அவர் இன்னும் கொஞ்சம் அவளை இழந்துவிடுவார். அவர் முகத்தைத் தூக்கி என் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

"வலது" என்றேன்.

"வலது" என்று அவரும் சொல்லிப் பார்த்தார். விரலை மடியில் வைத்து மெதுவாக அசைத்தார், முடியை ஒதுக்குகிற மாதிரி. "ஆமா. இருக்கு. வலதுதான்."

அது வலதுதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.